பிறக்கும்போதே வளைந்த முள்ளந்தண்டு: மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் குப்புறக் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டிமார் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். முதுகில் எண்ணெய் தடவும்போது விரல் நடுக்கோட்டில் நேராக இறங்காமல் ஓரிடத்தில் ஒதுங்கிப் போனால், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னரே அந்தக் கைகள் அதை அறிந்துவிடுகின்றன. என் தங்கையின் மகளுக்கும் அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் வீட்டில் அதற்குக் கிடைத்த பெயர் ‘உரம் விழுந்திருக்கிறது’ என்பதாக இருந்ததால், அடுத்த ஒரு மாதம் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதிலும், சுளுக்கு வழிப்பதிலும் கழிந்தது. பிறகு பல ஆண்டுகள் அந்தப் பிள்ளையை கிளினிக்குகளுக்கு அழைத்துச் சென்றபோது நான் விளங்கிக்கொண்டவற்றை, இதே நிலையில் முதன்முதலாகத் திகைத்து நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். வைத்தியரின் இடத்தை இது நிரப்பாது. வைத்தியர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும் உதவும்.

என்ன நடந்திருக்கிறது

முள்ளந்தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புக்கு மேலே 5 என அசையக்கூடிய எலும்புகள் 24 இருக்கின்றன. கரு உருவாகி நான்காம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் இவற்றின் அச்சு அமைகிறது. அந்தச் சில நாட்களில் ஓர் எலும்பு முழுமையாக உருவாகாமல் போகலாம், அல்லது இரண்டு எலும்புகள் ஒன்றிலிருந்து ஒன்று சரியாகப் பிரியாமல் போகலாம். இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோதான் பிறவி ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவளைவுக்குக் காரணம். ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுவதாகக் கணக்கிடப்படுகிறது.

தேயிலைச் சரிவில் மண் சரியாமல் இருக்க அடுக்கும் கற்கட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். எல்லாக் கற்களும் சதுரமாக இருக்கையில், நடுவில் ஒன்று மட்டும் ஆப்புப் போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், அதற்கு மேலுள்ள கட்டு முழுவதும் சாய்ந்துவிடும். பாதி மட்டுமே உருவான எலும்பு, அதாவது அரை முள்ளந்தண்டென்பு, இந்த ஆப்புக்கல்லைப் போன்றது. பிரியாமல் ஒட்டிக்கொண்ட எலும்பின் கதை வேறு. இளங்கன்றின் ஒரு பக்கத்தைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டால், மறுபக்கம் மட்டும் வளர்ந்து கன்று வளைவதைப் போல, ஒட்டிய பக்கத்தில் வளர்ச்சி நின்றுபோக, ஒட்டாத பக்கம் நீண்டுகொண்டே போகிறது. கற்கட்டு வளராது, பிள்ளை வளர்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். வளைவு எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அந்த எலும்பின் இரு பக்கங்களிலும் வளர்ச்சி எப்படி இருக்கிறது என்பதே பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிறது.

ஆகவே ஒரே பெயர் கொண்ட இந்த நிலை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரண்டு எலும்புகள் இரு பக்கமும் சமமாக ஒட்டியிருந்தால் வளைவு பெரும்பாலும் கூடாது. சிலருக்கு அது இருப்பதே வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். ஒரு பக்கம் எலும்புப் பாலம் போல ஒட்டி, அதற்கு எதிர்ப்பக்கத்தில் அரை எலும்பும் இருந்தால், அதுவே மிகவும் அஞ்சப்பட வேண்டிய அமைப்பு; ஆண்டுக்கு 5 பாகைக்கு மேலும், சில பிள்ளைகளில் 10 பாகை அளவுக்கும் வளைவின் கோணம் கூடிக்கொண்டு போகலாம். தனியொரு அரை எலும்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் மேலும் கீழும் வளரும் தட்டுகள் முழுமையாக இருந்தால் கூடும். பக்கத்து எலும்புகளின் இடைவெளியில் அது அடங்கிப்போயிருந்தால் அவ்வளவாகக் கூடாது. ‘பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இதேதான், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற ஆறுதலும், ‘அவளுக்கு ஒப்பரேஷன் செய்தார்களே’ என்ற பயமும் இரண்டுமே உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

வளைவு பக்கவாட்டில் இல்லாமல் பின்னோக்கிக் கூனாகவும் அமையலாம். எலும்பின் முன்பகுதி உருவாகாததால் வரும் பிறவிக்கூன், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணை நெருக்கி, கால்களின் பலத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், அதைப் பக்கவளைவை விடவும் அவசரமாகக் கவனிக்க வேண்டும். பிறக்கும்போது நேராக இருந்த முதுகில் பின்னர் வலியோடும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும், மெலிவோடும் கூன் தோன்றினால் அது பிறவிக்கோளாறு அல்ல; முள்ளந்தண்டில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய விஷயம் அது.

தாயின் குற்றம் அல்ல

கர்ப்பமாக இருந்தபோது கொழுந்துக்கூடை சுமந்ததாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, மலைப்பாதையில் வழுக்கி விழுந்ததாலோ இது வருவதில்லை. நான்காம் வாரத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டதாலும், பிள்ளைமடுவத்தில் யாரோ சரியாகத் தூக்காததாலும் எலும்பு பாதியாகிவிடாது. மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது, கணவர் தான் முன்வந்து இதை எடுத்துச் சொல்ல வேண்டும். தாயே சொன்னால் அதைச் சாக்கு என்பார்கள்.

உரம் எடுப்பதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வடிவம் மாறிய எலும்பை எந்தக் கையாலும் தடவி நேராக்க முடியாது. மென்மையாக எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை. ஆனால் கழுத்து எலும்புகள் ஒட்டியிருக்கும் பிள்ளைகளுக்குக் கழுத்து குட்டையாகவும், தலை ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுவதும், கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுப்பதும் முண்ணாணுக்கே ஆபத்தாக முடியலாம்.

முதலில் தேட வேண்டியவை முதுகில் இல்லை

முள்ளந்தண்டு உருவாகும் அதே வாரங்களில்தான் இருதயமும் சிறுநீரகங்களும் முண்ணாணும் உருவாகின்றன. ஆகவே ஒன்றில் பிழை நேர்ந்த பிள்ளைக்கு மற்றொன்றிலும் பிழை இருக்கக்கூடும். பெற்றோர் பலர் வளைவின் பாகையையே கேட்டுக்கொண்டிருந்து இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். நோய் உறுதியானதும் மூன்று சோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள்: சிறுநீரகங்களுக்கு ஸ்கேன், இருதயத்துக்கு எக்கோ, முண்ணாணுக்கு எம்.ஆர்.ஐ. ஒரே ஒரு சிறுநீரகத்தோடு பிறந்து, வேறெந்தத் தொல்லையும் இல்லாமல் வளரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அது தெரிந்திருந்தால்தான் சிறுநீர்க் கிருமித்தொற்று வரும்போது அலட்சியமாக இருக்க மாட்டோம்.

முண்ணாண் கீழ்ப்பக்கத்தில் இழுபட்டுக் கட்டுண்டிருப்பதும், நடுவே இரண்டாகப் பிரிந்திருப்பதும் இந்தப் பிள்ளைகளில் அபூர்வமல்ல. அதற்கு வெளியே தெரியும் அடையாளங்கள் சில உண்டு. இடுப்புக்கு மேலே நடுக்கோட்டில் மயிர்க்கற்றை, ஆழமான குழி, கொழுப்புக்கட்டி, சிவந்த தழும்பு போன்ற தோல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் குழந்தையின் உடையைக் கழற்றி வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கள் குளிரில் குழந்தைக்கு மூன்று சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டுத்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம். நீண்ட வரிசையில் நிற்கும்போது அவற்றைக் கழற்றத் தயங்கி, முதுகைக் காட்டாமலேயே திரும்பிவிடுகிறோம். சின்னக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அசையாதிருக்க மயக்க மருந்து தேவைப்படும். எத்தனை மணியிலிருந்து பால் கொடுக்கக்கூடாது என்பதை முதல்நாளே கேட்டு எழுதி வையுங்கள். விடியற்காலைப் பஸ்ஸில் அழும் பிள்ளைக்கு வாயில் ஏதாவது கொடுத்துவிட்டால், அன்றைய பயணம் வீணாகிவிடும்.

எங்கே, எப்படிப் போவது

சந்தேகம் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, பிள்ளை பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிப் பதிவேட்டில் அதை எழுதச் செய்யுங்கள். அங்கிருந்து கடிதத்தோடு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, ஊவா பக்கம் என்றால் பதுளைக்கோ, பிறகு தேவைப்பட்டால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்றவற்றுக்கோ வைத்தியர் அனுப்புவார். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் காசும், இழக்கும் நாட்சம்பளமும் நம்முடையவை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போய்வருவதற்கு ஒரு முழுநாள் போய்விடும். ஆகையால் அடுத்த கிளினிக் திகதி கொடுக்கும்போதே, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அதே நாளில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும், கேட்காவிட்டால் இரண்டு நாட்களாக எழுதிவிடுவார்கள்.

மொழி இன்னொரு மலை. வைத்தியர் சொன்னது விளங்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து, தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தில் இருக்கிறது; தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ அழைத்துத் தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது.

படத்தையும் பாகையையும் வாசித்தல்

வளைவை அளக்கும் முறைக்கு, 1948இல் அதை விளக்கிய ஜோன் கொப் என்ற அமெரிக்க வைத்தியரின் பெயரால் கொப் கோணம் என்று பெயர். வளைவின் மேல்முனையில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடும், கீழ்முனையில் அதேபோலச் சாய்ந்திருக்கும் எலும்பின் கீழ்விளிம்பில் ஒரு கோடும் இழுத்து, இரண்டும் சந்திக்கும் கோணத்தை அளக்கிறார்கள். 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். அறிக்கையில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு 8 என்று இருந்தால் மார்புப் பகுதியின் எட்டாவது எலும்பு, ‘எல்’ எழுத்தோடு 2 என்று இருந்தால் இடுப்புக்கு மேலுள்ளவற்றில் இரண்டாவது.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே படத்தை இருவர் அளந்தாலே 5 பாகை வரை வேறுபடலாம். பிறவி வளைவில் எலும்பின் விளிம்புகள் தெளிவாக இராததால் வேறுபாடு இன்னும் கூடலாம். போன முறை 32, இம்முறை 35 என்றால் வளைவு கூடியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 32, 35, 39, 44 என்று படிப்படியாக ஏறினால் அது ஏற்றம்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை பாகை?’ என்பதல்ல, ‘முதல் படத்தோடு, அதே எலும்புகளை வைத்து ஒப்பிட்டீர்களா?’ என்பதே. அப்படி ஒப்பிட வேண்டுமானால் முதல் படம் நம் கையில் இருக்க வேண்டும்.

படங்கள், அறிக்கைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில், திகதி வரிசையில் வையுங்கள். லயத்து வீட்டின் ஈரத்தில் எக்ஸ்ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பயந்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்தால் புகையேறும். படங்களுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, பொலித்தீன் உறையில் மடிக்காமல் போட்டு, சுவரைத் தொடாமல் அலுமாரியில் வைப்பதே நல்லது. படத்தை சீ.டி.யில் தந்தால் அதன் மீது திகதியை எழுதுங்கள்.

வீட்டில் கவனிப்பது

முள்ளந்தண்டு சீராக வளர்வதில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 10 சென்றிமீற்றர், அடுத்த ஐந்தில் 5, பூப்பெய்தும் பருவத்தில் மீண்டும் 10 என்று வளர்கிறது. வளைவு கூடுவதும் இந்த இரண்டு வேகமான காலங்களில்தான். நாலு வயதுவரை கவனமாகக் கிளினிக் போய்விட்டு, ‘இப்போது கூடவில்லை’ என்ற நம்பிக்கையில் பாடசாலைக் காலத்தில் விட்டுவிடும் குடும்பங்கள் அதிகம். பதினொரு வயதில் பிள்ளை திடீரென்று உயரும்போது வளைவும் கூடவே ஓடுகிறது. பாடசாலையில் 1, 4, 7, 10 ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள். அது நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே வளைவு இருக்கும் பிள்ளைக்கு மூன்று ஆண்டு இடைவெளி மிக நீண்டது. வேகமான காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கவேண்டி வரும்.

நின்று குனியக்கூடிய பிள்ளையை, முழங்கால் மடங்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குனியச் சொல்லிப் பின்னால் இருந்து பாருங்கள். விலா எலும்புகள் ஒரு பக்கம் மேடாக எழுந்தால் அதுவே முள்ளந்தண்டு திருகியிருப்பதன் அடையாளம். தோள்களில் ஒன்று தாழ்ந்திருக்கிறதா, இடுப்பின் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருக்கிறதா, பாவாடை ஒரு பக்கம் இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில் நிறுத்தி, முதுகைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால் கண் மறந்ததைப் படம் காட்டும். அந்தப் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளை வளர்ந்து கேட்கும்.

காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய மாற்றங்கள் சில: நன்றாக நடந்த பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுவது, ஒரு கால் மெலிவது அல்லது பாதம் வளைவது, சிறுநீரை அடக்கப் பழகிய பிள்ளை மறுபடியும் நனைப்பது, இரவில் எழுப்பும் முதுகுவலி. படியேறும்போது மற்றப் பிள்ளைகளைவிட மூச்சு வாங்குவதும், திரும்பத் திரும்ப நியூமோனியா வருவதும் நுரையீரலுக்கு இடம் போதவில்லை என்பதைக் காட்டலாம். மலையில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்று சொல்லி அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பெல்ட்டும் ஒப்பரேஷனும்

பதின்ம வயதில் காரணம் தெரியாமல் வரும் பக்கவளைவுக்குப் பிரேஸ் எனப்படும் கவசம் நல்ல பலன் தருகிறது. அதைக் கேள்விப்பட்ட உறவினர் கொழும்பில் பெல்ட் வாங்கிப் போடச் சொல்வார்கள். பிறவி வளைவோ குறுகியது, விறைப்பானது. எலும்பின் வடிவத்தால் ஆனது. அதைக் கவசம் அழுத்தி நேராக்காது. அதற்கு மேலோ கீழோ சமநிலைக்காக உருவாகும் இரண்டாம் வளைவைத் தடுப்பதற்கு மட்டும் சில பிள்ளைகளுக்கு வைத்தியர் அதைக் கொடுப்பதுண்டு. உடற்பயிற்சி தசைகளுக்கும் மூச்சுக்கும் நல்லது, பாதி எலும்பை முழுதாக்காது. பாடசாலைப் பை கனத்தால் பிள்ளை களைக்கும், அவ்வளவே.

கூடாத வளைவுக்குக் கவனித்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. ‘மருந்து தரவில்லை, பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்’ என்று சலித்துக்கொள்ளும் பெற்றோருக்கு இதை விளங்கவைப்பது கடினமாக இருக்கிறது. கூடும் என்று தெரிந்தால், அரை எலும்பை எடுத்துவிட்டு அருகிலுள்ளவற்றை இணைக்கும் ஒப்பரேஷனைச் சிறுவயதிலேயே செய்யச் சொல்வார்கள். ‘இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும்’ என்று தள்ளிப்போடுவது அன்பால் வரும் எண்ணம். ஆனால் வளைவு பெரிதாகி, மற்ற எலும்புகளும் அதற்கேற்ப இறுகிய பிறகு செய்யும் ஒப்பரேஷன் நீளமானது, ஆபத்தும் கூடியது. மறுபுறம், மார்புப் பகுதியில் பல எலும்புகளைச் சிறுவயதில் ஒன்றாக இணைத்துவிட்டால் நெஞ்சுக்கூடு வளராமல் நுரையீரல் நெருக்கப்படும். நுரையீரலின் காற்றுப்பைகள் முதல் எட்டு ஆண்டுகளில்தான் அதிகமாகப் பெருகுகின்றன. அதனால் நீண்ட வளைவு உள்ள சிறு பிள்ளைகளுக்கு, வளர வளர நீட்டக்கூடிய கம்பிகளைப் பொருத்துவதுண்டு. வழக்கமான கம்பியை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறு ஒப்பரேஷனால் நீட்ட வேண்டியிருக்கும். அத்தனை முறை பேராதனைக்கோ கொழும்புக்கோ போய்வர வீட்டில் யாரால் முடியும் என்பதை முதல் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்திடும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் தயங்காமல் கேட்கலாம்: எத்தனை எலும்புகளை இணைப்பீர்கள்? முண்ணாணுக்கு என்ன ஆபத்து, ஒப்பரேஷன் நடக்கும்போது நரம்புகளைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா? செய்யாவிட்டால் பத்து வயதில் எப்படி இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

அடுத்த பிள்ளை, பிற்காலம்

தனியொரு எலும்பில் மட்டும் கோளாறு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு குறைவு. பல எலும்புகளும் விலாக்களும் சேர்ந்து ஒழுங்கில்லாமல் இருந்தால் அது பரம்பரையில் வரும் வகையாக இருக்கலாம்; மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்த பெற்றோர் அதை மறைக்காமல் சொல்லி, மரபணு ஆலோசனைக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்பாடில்லாத நீரிழிவு இருப்பது இத்தகைய கோளாறுகளுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால், அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதே சீனியைச் சோதியுங்கள். போலிக் அமிலம் முண்ணாண் மூடாமல் பிறக்கும் கோளாற்றைக் குறைக்கிறது. அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும், ஆனால் பக்கவளைவையும் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்காதீர்கள். கழுத்து எலும்பு ஒட்டியிருந்தாலோ, அண்மையில் ஒப்பரேஷன் நடந்திருந்தாலோ மட்டும் குட்டிக்கரணம், மோதி விளையாடுவது போன்றவற்றை வைத்தியர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும். வகுப்பில் ‘கூனி’ என்ற பட்டப்பெயர் எழுந்தால், வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். பெயர் ஒட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

பெண்பிள்ளை என்றால் உறவுக்காரர் எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்த வளைவோடு வாழும் பெண்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெறலாம். வளைவு பெரிதாக இருந்தால் கர்ப்பத்துக்கு முன் நுரையீரலின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பது, எலும்புகளை இணைத்த முதுகில் எளிதாக இருக்காது. அதனால் கர்ப்பமான முதல் கிளினிக்குக்கே, பழைய எக்ஸ்ரேக்களும் ஒப்பரேஷன் குறிப்பும் உள்ள அந்தப் பையையும் எடுத்துச் சென்று, மயக்கமருந்து வைத்தியர் பார்க்கும்படி கேட்டு எழுதிவைக்கச் செய்ய வேண்டும்.